கடுகு வெடிக்காத வீடு

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
எக்ஸ்சேஞ்ச் கடையில் ஆயிரத்தெழுநூறு ரூபாய்.
ஒரு தட்டு தட்டினால்தான் கதவு மூடும்.
யாரோ துடைத்துத் துடைத்து
பட்டன்களின் எழுத்தெல்லாம் போய்விட்டது.
பாப்கார்ன் மட்டும் மிச்சம்.
எங்கள் வீட்டில் இதுவரை
யாரும் பாப்கார்ன் பொரித்ததில்லை.

வெறும்வயிற்றில் இருநூற்று எண்பத்தாறு.
சீட்டை நீட்டிய லேப் பெண்
என் காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.
"ரூட்டு பஸ்ஸா? அப்போ பொறோட்டாதான்."
மறுக்க வழியில்லை.
இருபத்திரண்டு வருடம்
களியக்காவிளையில் பொறோட்டா,
வடசேரியில் பொறோட்டா,
நடுவே பழம்பொரி,
சீனி தூக்கலாய் ஒரு சாயா.

றெக்ஸலினுக்கு மஸ்கட்டில் நைட் டூட்டி.
ஊரார் சர்க்கரையை மணிக்கொருதரம் எழுதுகிறவள்
என் சர்க்கரையைப் போனில் கேட்டு
கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
"எண்ணெய் ஒரு ஸ்பூன். தேங்கா அரைக்கண்டாம்,
திருவி மேல தூவுங்க.
தூவுங்கன்னா தூவணும்."

சாளை அஞ்சு.
தலையெடுத்து, கீறி, மஞ்சள், நல்லமிளகு,
சின்ன உள்ளி, ஊறிய கொடம்புளி ஒரு சுளை.
கண்ணாடித் தட்டு. மேலே கவிழ்த்த இன்னொன்று.
பாப்கார்ன். மறுபடி பாப்கார்ன்.
முருங்கையிலைக்கு நீர் தெளித்து ஒரே பாப்கார்ன்.
உடைத்த கோதுமைக்கு எத்தனை என்று
இன்னும் எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை.

நிமிடக்கணக்கு எனக்குப் பிடிபடாது,
ஸ்டாப் பிடிபடும்.
கீரை தக்கலையில் ஏறி மேட்டுக்கடையில் இறங்கும்.
மீன் மணலி வரை போகும்.
கோதுமைக்கு அழகியமண்டபம்.

முதல் வாரம்
எவர்சில்வர் டிபனை உள்ளே வைத்து
மின்னல் பார்த்தேன்.
இரண்டாம் வாரம் முட்டை.
மஞ்சள்கருவை ஊசியால் குத்த வேண்டுமாம்.
குத்தாத முட்டையில் பாதி
இன்னும் உள்கூரையில் இருக்கிறது.

கடுகுதான் கடைசிவரை வெடிக்கவில்லை.
தட்டோடு சுற்றிச் சுற்றி
ஏறின இடத்திலேயே இறங்கிக்கொள்ளும்.
எதிர்வீட்டு டெல்பின் கேட்டாள்:
"சத்தமே இல்லியே அண்ணே,
சமைக்கியளா, சும்மா இருக்கியளா?"

ஒருநாள் மாத்திரையைப் போட்டுவிட்டு
தட்டைத் திறக்க நேரமில்லாமல் வண்டியேறினேன்.
மணலி தாண்டியதும்
டிக்கெட் மெஷின் கையில் ஆடியது.
நூறு ரூபாய்க்கு மீதி எண்ணினேன்,
எண்ணினேன்,
வாங்க நீட்டிய கை
மெல்ல என் தோளைப் பிடித்தது.
டிரைவர் தாணுமாலயன் வண்டியை ஓரங்கட்டி
சாயாக்கடைக்கு ஓடினார்.
நாலு ஸ்பூன் சீனி.
பஸ் முழுக்கக் காத்திருக்க
இருபத்திரண்டு வருட ருசி
மருந்தாய் இறங்கியது.
"லேய், கூடுனாலும் குத்தம், கொறஞ்சாலும் குத்தம்.
நம்ம கலெக்‌ஷன் பை மாதிரியில்லா இருக்கு."

இப்போது டிபன் இரண்டு கட்டுகிறேன்.
அவருக்கும் ஏதோ எண் உண்டு,
சொல்லமாட்டார்.
மீன்முள்ளை மட்டும்
சுத்தமாக ஒதுக்கி வைக்கிறார்.

நேற்று இரவு மழை.
றெக்ஸலினுக்கு ஓய்வுநாள்,
அரிசி டப்பாவில் சாய்த்த போனுக்குள்ளிருந்து
சாளை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாற்பது விநாடி பாக்கி.
கரண்ட் போனது.

நான் கதவில் கைவைக்க
இருட்டுக்குள் அவள் முகம் மட்டும் வெளிச்சமாய்ச் சொன்னது:
"திறக்கண்டாம்.
நின்னாலும் உள்ள வெந்துட்டுதான் இருக்கும்.
ரெண்டு நிமிசம் விடுங்க."

விட்டேன்.
அவளும் போனை வைக்கவில்லை.
மனசுக்குள் தக்கலையில் விசில் கொடுத்து
மேட்டுக்கடைக்குக் காத்திருந்தேன்.
தகரக் கூரையில்
மழை பொரிந்துகொண்டிருந்தது.